ஜான்ஜுசீட்டஸ்: வாய் நிறையப் பற்கள் இருந்த விலங்கு பலீன் திமிங்கலம் ஆனது எப்படி?

உப்பங்கழி:

பரிணாமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுப்பிய ஐயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நீரிலிருந்து சிற்றுயிர்களை வடிகட்டும் பலீன் தகடுகள் வாயில் இருப்பதனால்தான் ஒரு கூட்டத்தைப் பலீன் திமிங்கலங்கள் என்று அழைக்கிறோம். அப்படியிருக்க, கூரிய பற்களுடன் வேட்டையாடி வாழ்ந்த ஜான்ஜுசீட்டஸ் என்ற தொல்திமிங்கலத்தை அதே கூட்டத்தில் சேர்ப்பது எப்படிப் பொருந்தும் என்று அவள் கேட்டாள். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

இந்தப் பேரினத்தை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்குத் தென்மேற்கே, டார்கீ என்ற ஊரை ஒட்டி ஜான் ஜக் என்ற கடற்கரை இருக்கிறது. அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற அந்தக் கரையில், 1990களின் பிற்பகுதியில், ஹண்டர் என்ற பதின்வயதுச் சறுக்கு வீரர் ஒரு பாறையில் எலும்புகள் பதிந்திருந்ததைக் கண்டார். அதற்குள் இருந்த மண்டையோட்டை ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டில் புதிய பேரினமாக அறிவித்தவர் தொல்லுயிரியலாளர் எரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட். பேரினத்துக்குக் கடற்கரையின் பெயரும் சிற்றினத்துக்குக் கண்டெடுத்தவரின் பெயரும் அமைந்து, ஜான்ஜுசீட்டஸ் ஹண்டெரை என்றாயிற்று. அது வாழ்ந்த காலம் ஒலிகோசீன் ஊழியின் பிற்பகுதி. இன்றைக்கு ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன். உடல் நீளம் சுமார் மூன்றரை மீட்டர் என மதிப்பிடுகிறார்கள். இன்றைய நீலத் திமிங்கலம் 30 மீட்டர்வரை வளர்வதை நினைத்தால், இது அதன் நாக்கின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டிய அளவுதான்.

முகமோ இன்னும் வியப்பூட்டுகிறது. பலீன் திமிங்கலம் என்றதும் நம் மனத்தில் எழுவது நீண்டு வளைந்த, பல்லே இல்லாத மேல்தாடையும், அதிலிருந்து சீப்பின் பற்களைப் போல வரிசையாகத் தொங்கும் தகடுகளும். ஜான்ஜுசீட்டஸின் முகமோ குட்டையாகவும் அகன்றும், உடல் அளவுக்கு மிகப் பெரிய கண்குழிகளுடனும், பின்பக்கம் பல முனைகள் கொண்ட பற்களுடனும் அமைந்திருந்தது. அதற்குப் பலீன் இருந்ததற்கான சான்று எதுவும் மண்டையோட்டில் இல்லை.

நான் வகுப்பில் கூறியது இவ்வளவே: உறவைத் தீர்மானிப்பது உணவு உண்ணும் கருவி அன்று, வழிவழியாக வந்த எலும்பமைப்பு. இதை இன்னும் தெளிவாகச் சொல்ல வழி உண்டா?

கடைமடை:

மாணவியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது, ஐயா. ஒரு கூட்டத்தின் பெயரே அதன் அடையாளத்தைச் சொல்லும்போது, அந்த அடையாளம் இல்லாத ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் பெயருக்கு என்ன பொருள் இருக்கிறது? பல் இருந்த திமிங்கலங்களை எல்லாம் பற்திமிங்கலங்களின் வரிசையில், அதாவது ஓங்கில், எண்ணெய்த் திமிங்கலம் முதலியவற்றோடு, வைத்துவிட்டால் குழப்பம் இல்லையே. "எலும்பமைப்பு" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த எலும்பு, எந்த அமைப்பு என்று காட்டினால்தான் நான் ஏற்பேன்.

உப்பங்கழி:

சரியாகக் கேட்டீர்கள். வகுப்பில் நான் தவறவிட்டது அந்த எலும்பைத்தான்.

திமிங்கலங்களின் மண்டையோட்டில் நாசித்துளை முகத்தின் நுனியிலிருந்து உச்சிக்கு நகர்ந்தபோது, மேல்தாடை எலும்பும் பின்னோக்கி நீண்டது. அது கண்குழியை நெருங்கும் இடத்தில் இரண்டு கூட்டங்களும் இரண்டு வழியில் பிரிகின்றன. ஓங்கிலிலும் எண்ணெய்த் திமிங்கலத்திலும் மேல்தாடை எலும்பு கண்குழிக்கு மேலாக ஏறி, நெற்றி எலும்பின்மீது போர்வையைப் போலப் படர்கிறது. எதிரொலியால் இரையறியும் உறுப்புகள் அமர்வதற்கான மேடை அங்கேதான் உருவாகிறது. பலீன் திமிங்கலங்களிலோ மேல்தாடை எலும்பின் ஒரு பகுதி பல்லற்ற தகடாக மெலிந்து, கண்குழிக்குக் கீழாக நீள்கிறது. ஜான்ஜுசீட்டஸில் அந்த எலும்பு கீழாகத்தான் செல்கிறது. வாயில் எத்தனை பல் இருந்தாலும், மேலே ஏறுவதா கீழே நுழைவதா என்ற அந்தப் பிரிவில் அது பலீன் திமிங்கலங்களின் பக்கம் நிற்கிறது.

தாங்கள் சொல்வதுபோல் பல்லை மட்டும் வைத்துப் பிரித்தால் வேறொரு சிக்கல் எழும். தொடக்ககாலத் திமிங்கலங்கள் அனைத்துக்கும் பல் இருந்தது. ஆகவே பல் இருப்பது பழைய சொத்து. அதை யார் வைத்திருக்கிறார்கள் என்பது உறவைச் சொல்லாது. ஹெஸ்பரோர்னிஸ் என்ற தொல்பறவைக்குப் பல் இருந்தது. அதற்காக அதைப் பறவைகளின் வரிசையிலிருந்து யாரும் நீக்குவதில்லை.

கடைமடை:

மேல், கீழ் என்ற அந்த விளக்கம் எனக்குப் போதுமானது. என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தலைமடையில் இருக்கும் நீரிலிருந்துதானே கடைமடை நிரம்புகிறது. அப்படியென்றால் இந்த விலங்கிலிருந்துதான் நீலத் திமிங்கலம் வந்தது என்று கொள்ளலாமா?

பாறைப்படிவன்:

அப்படிக் கொள்ளக் கூடாது, நண்பரே. இது பலரும் செய்யும் பிழை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஜான்ஜுசீட்டஸ் தலைமடை அன்று; வாய்க்காலிலிருந்து பிரிந்து, சிறிது தூரம் ஓடி வற்றிப்போன ஒரு கிளை. அது வாழ்ந்த காலத்துக்கு முன்பே, பல்லை முற்றாக இழந்து பலீனால் வடிகட்டி உண்ட திமிங்கலங்கள் பிற கடல்களில் தோன்றிவிட்டன. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்து 2002இல் விவரிக்கப்பட்ட இயோமிஸ்டிசீட்டஸ் அந்தப் பல்லற்ற கூட்டத்தைச் சேர்ந்தது. தனக்கு மூதாதையாக இருந்திருக்க வேண்டியதைவிட முந்திப் பிறந்த பிள்ளை இருக்க முடியாது.

ஜான்ஜுசீட்டஸைவிடப் பழைய, பல் இருந்த பலீன் திமிங்கலங்களைப் பார்த்தால் இது மேலும் விளங்கும். பெரு நாட்டின் பிஸ்கோ படுகையில் கிடைத்து 2017இல் அறிவிக்கப்பட்ட மிஸ்டகோடான் 3 கோடியே 64 லட்சம் ஆண்டுகள் பழமையானது. அதன் நீளம் ஏறத்தாழ நான்கு மீட்டர். அண்டார்டிகாவை ஒட்டிய சீமோர் தீவில் கிடைத்த லானோசீட்டஸ் சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. 1989இல் மிட்செல் அதற்குப் பெயரிட்டார். முழு மண்டையோட்டை ஆராய்ந்த ஃபோர்டைஸும் மார்க்ஸும் 2018இல் அதன் நீளம் சுமார் எட்டு மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். அதாவது, ஜான்ஜுசீட்டஸுக்கு 90 லட்சம் ஆண்டுகள் முன்னதாகவே, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நீளத்துடன், பல்லோடு ஒரு திமிங்கலம் நீந்திக்கொண்டிருந்தது. சிறியதிலிருந்து பெரியதற்கு, பல்லிலிருந்து தகட்டுக்கு என்று ஏணிப்படி வரைந்து பாடப் படங்களில் காட்டுவது எனக்கு வருத்தம் அளிக்கிறது. அந்த ஏணியில் ஜான்ஜுசீட்டஸுக்கு இடமே கிடையாது. ஆனால் அது வாழ்ந்தது உண்மை.

அதற்கு நெருங்கிய உறவினர் மம்மலோடான். அதுவும் டார்கீ அருகே 1932இல் கிடைத்து, 1939இல் பிரிட்சர்டால் பெயரிடப்பட்டது. ஃபிட்ஸ்ஜெரால்ட் பின்னர் அதை மறு ஆய்வு செய்து, இரண்டையும் மம்மலோடான்டிடே என்ற ஒரே குடும்பத்தில் வைத்தார். மம்மலோடானின் பற்கள் மிகவும் தேய்ந்தவை. கடலடிச் சேற்றில் வாயை வைத்து இரையை உறிஞ்சியிருக்கலாம் என்று அவர் கருதினார். ஒரே கடற்கரை, ஒரே குடும்பம். ஒன்று பெரிய கண்ணால் பார்த்துப் பாய்ந்து கடித்தது, மற்றொன்று தரையைத் துழாவி உறிஞ்சியது. இந்த வேறுபாடு எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி.

வெண்சங்கு:

அனைவருக்கும் வணக்கம். நான் விலங்கியல் படித்தவள் என்றாலும் தொல்லுயிரியல் எனக்குப் புதிது. ஓர் ஐயம் உண்டு. அண்டார்டிகாவில் வாழும் நண்டுண்ணிச் சீலின் பற்களில் பல மடல்கள் இருக்கின்றன. வாயை மூடும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தி, சல்லடையாக நின்று கிரில் என்னும் கூனியை வடிகட்டுகின்றன. ஜான்ஜுசீட்டஸின் பின்பற்களிலும் பல முனைகள் இருந்தன என்கிறீர்கள். அப்படியானால் அதுவும் பல்லாலேயே வடிகட்டியிருக்கலாம் அல்லவா? பல்லால் வடிகட்டும் பழக்கம் முதலில் வந்து, பிறகு அந்த வேலையைத் தகடு எடுத்துக்கொண்டது என்றால், மாற்றம் தடையின்றி நிகழ்ந்திருக்கும். இடையில் ஒரு தலைமுறைகூடப் பட்டினி கிடந்திருக்காது.

பாறைப்படிவன்:

சகோதரி, தாங்கள் சொன்ன கருத்தைத்தான் நெடுங்காலம் பலர் நம்பிவந்தார்கள். கேட்பதற்கு அழகான விளக்கம்; அந்த அழகினாலேயே அதைச் சோதிக்கவும் வேண்டியிருந்தது.

2017இல் மெல்பர்னைச் சேர்ந்த ஹாக்கிங், மார்க்ஸ், ஃபிட்ஸ்ஜெரால்ட், எவன்ஸ் ஆகியோர் பல்லின் கூர்மையையே அளந்தார்கள். ஜான்ஜுசீட்டஸ் உள்ளிட்ட தொல்திமிங்கலங்களின் பற்களை முப்பரிமாணப் படிமங்களாக்கி, சிங்கம் போன்ற தரைவாழ் வேட்டை விலங்குகளின் பற்களோடும் இன்றைய சீல்களின் பற்களோடும் ஒப்பிட்டார்கள். அவர்கள் எண்ணம் எளிமையானது. சல்லடைக்கு இடைவெளிதான் வேண்டும், விளிம்பில் கூர்மை வேண்டியதில்லை. ஆகவே வடிகட்டும் சீல்களின் பல்விளிம்பு மழுங்கியிருக்கிறது. சதையை அறுக்க வேண்டிய பல்லோ கத்தியைப் போல இருந்தாக வேண்டும். தொல்திமிங்கலங்களின் பற்கள் சிங்கத்தின் பற்களுக்கு நிகரான கூர்மையுடன் இருந்தன. எனவே அவை பல்லால் வடிகட்டவில்லை என்று முடிவு செய்தார்கள்.

நேர்மையாகச் சொன்னால், விவாதம் அதோடு முடிந்துவிடவில்லை. அதே 2017இல் கைஸ்லரும் அவருடைய குழுவினரும் தென் கரோலினாவிலிருந்து கொரோனோடான் என்ற திமிங்கலத்தை விவரித்தபோது, அதன் பெரிய பின்பற்களுக்கு இடையிலான இடைவெளிகள் வழியே நீர் வடிந்திருக்கலாம் என்று வாதிட்டார்கள். ஓர் ஆண்டுக்குள் இரண்டு எதிர்த்திசை முடிவுகள். என் சாய்வு மெல்பர்ன் குழுவின் பக்கம். ஏனென்றால் பல்லின் இடைவெளியை நாம் கற்பனையில் பலவிதமாகப் பயன்படுத்தலாம், விளிம்பின் கூர்மையை அளந்துவிடலாம். ஆயினும் கொரோனோடான் வேறு பேரினம், வேறு கடல். ஜான்ஜுசீட்டஸுக்குக் கிடைத்த விடையை அதன்மேல் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

நுண்ணோக்கி:

கீழ்த்தாடையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று வாழும் எல்லாப் பலீன் திமிங்கலங்களிலும் கீழ்த்தாடையின் இடது, வலது எலும்புகள் முகவாயில் ஒட்டிப் பிறப்பதில்லை. நாரும் குருத்தும் கலந்த நெகிழ்வான இணைப்பு அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. நீலத் திமிங்கலம் வாயைத் திறந்து பாயும்போது இரண்டு எலும்புகளும் தனித்தனியே சுழன்று விரிய இந்த நெகிழ்வு உதவுகிறது. வடிகட்டி உண்ணும் வாழ்க்கையின் ஆதாரமான அமைப்புகளில் இதுவும் ஒன்று. ஜான்ஜுசீட்டஸின் கீழ்த்தாடை அப்படி இல்லை என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் 2012இல் காட்டினார். அதன் இரண்டு எலும்புகளும் மூதாதைத் திமிங்கலங்களில் இருந்ததைப்போல இறுகப் பிணைந்திருந்தன. அந்தத் தாடையால் விரிய முடியாது. ஆனால் மேல்தாடையோ அகன்றிருந்தது.

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அகன்ற வாய் வடிகட்டுவதற்காகவே உருவானது என்று நாம் நினைத்திருந்தோம். ஆனால் விரியாத கீழ்த்தாடையோடு அகன்ற மேல்தாடை இங்கே முன்னதாகவே வந்துவிட்டது. அது இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சி இழுப்பதற்கு உதவியிருக்கலாம் என்பது ஃபிட்ஸ்ஜெரால்டின் விளக்கம். வீட்டில் ஒரு வேலைக்காகக் கட்டிய அறை, பேரப்பிள்ளைகள் காலத்தில் வேறொரு வேலைக்குப் பயன்படுவதைப்போல, உறிஞ்சுவதற்கு அகன்ற வாய் பிற்காலத்தில் வேறொரு கிளையில் வடிகட்டுவதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

கேள்விப்புலனிலும் இதேதான் நிகழ்ந்திருக்கிறது. 2017இல் பார்க் என்பவரும் அவருடைய குழுவினரும் உள்காதின் சுருள் அமைப்பை ஆராய்ந்து, குறைந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன் பேருடலுக்கும் பலீனுக்கும் முன்பே இந்த வழியில் வந்துவிட்டது என்றார்கள். ஆழ்கடலில் நெடுந்தூரம் செல்லும் ஒலிகளோடு நாம் சேர்த்துப் பேசும் அந்தச் செவி, பல் இருந்தவர்களுக்கே உரிமையாக இருந்த பழைய செவி.

வெண்சங்கு:

அப்படியானால் பல் எப்போது போயிற்று, தகடு எப்போது வந்தது? இரண்டும் ஒரே வாயில் ஒரே காலத்தில் இருந்தனவா?

நுண்ணோக்கி:

இங்கேதான் அறிஞர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். பலீன் என்பது நம் நகத்திலும் மாட்டுக் கொம்பிலும் உள்ள அதே கெராட்டினால் ஆனது. மண்ணில் எளிதில் அழிந்துவிடும். ஆகவே தகட்டைத் தேடாமல், தகட்டுக்குக் குருதி கொண்டுசென்ற நாளங்களின் துளைகளை அண்ணத்தில் தேடுகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் கரையில் கிடைத்த ஏட்டியோசீட்டஸ் வெல்டொனி என்ற சிற்றினத்துக்குப் பல்லும் உண்டு, அண்ணத்தில் அத்தகைய சிறு துளைகளும் உண்டு. டெமரேயும் அவருடைய குழுவினரும் 2008இல் இதைச் சுட்டிக்காட்டி, பல்லும் தொடக்கநிலைப் பலீனும் ஒரே வாயில் இருந்தன என்றார்கள். 2022இல் எக்டேலும் டெமரேயும் அதே மண்டையோட்டை சிடி ஸ்கேன் செய்து, துளைகள் உள்ளே எந்தக் கால்வாயோடு இணைகின்றன என்று பின்தொடர்ந்து, அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தார்கள்.

மறுபக்கம் பெரேடோவும் அவருடைய குழுவினரும் 2018இல் மையபலேனா என்ற திமிங்கலத்தை முன்வைத்தார்கள். அதுவும் ஓரிகனைச் சேர்ந்தது. சுமார் 3 கோடியே 30 லட்சம் ஆண்டுகள் பழமையானது. அதற்குப் பல் இல்லை, பலீன் இருந்ததற்கான அடையாளமும் இல்லை. பல்லை முதலில் இழந்து, உறிஞ்சி உண்டு வாழ்ந்து, அதன் பிறகே தகட்டை அடைந்தார்கள் என்பது அவர்கள் வாதம். லானோசீட்டஸின் அண்ணத்தில் உள்ள பள்ளங்கள் ஈறுக்குச் சென்ற நாளங்களுடையவை, பலீனுக்குரியவை அல்ல என்று ஃபோர்டைஸும் மார்க்ஸும் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு துளையைப் பார்த்ததும் பலீன் என்று சொல்லிவிட முடியாது.

பாறைப்படிவன்:

எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. மையபலேனாவுக்குப் பலீன் இல்லை என்பது இல்லாமையிலிருந்து செய்யும் வாதம். இன்று வாழும் திமிங்கலங்களின் அண்ணத்திலேயே துளைகளின் அளவும் எண்ணிக்கையும் வேறுபடும்போது, மெல்லிய தொடக்கநிலைப் பலீன் எலும்பில் தடம் விடாமலே இருந்திருக்கலாம். சிடி ஸ்கேன் வழியே நாளத்தின் முழுப் பாதையையும் காட்டியதால் ஏட்டியோசீட்டஸ் சான்றே எனக்குக் கனமாகத் தெரிகிறது.

நுண்ணோக்கி:

உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் உறிஞ்சும் பழக்கத்துக்கு ஜான்ஜுசீட்டஸ், மம்மலோடான் ஆகிய இரண்டிலிருந்துமே சான்று கிடைக்கிறது. உறிஞ்சும் விலங்குக்குப் பல் பெரிதாகத் தேவைப்படாது. ஆகவே தகடு வருவதற்கு முன்பே பல் போவதற்குக் காரணமும் இருக்கிறது.

உப்பங்கழி:

பல் போனதற்கான சான்று எலும்பில் மட்டும் இல்லை என்பதை இங்கே சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் மாணவர்களிடம் மிக எளிதில் சேரும் செய்தி இது. பலீன் திமிங்கலத்தின் கரு தாயின் வயிற்றில் இருக்கும்போது அதன் தாடைகளில் பல்மொட்டுகள் தோன்றுகின்றன; பிறப்பதற்கு முன்பே அவை கரைந்துபோகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ராய் செந்திலேர் இதைக் கவனித்தார். மரபணுவிலும் தழும்பு இருக்கிறது. பல்லின் எனாமல் உருவாகத் தேவையான எம்எம்பி20 என்ற மரபணு, இன்றைய பலீன் திமிங்கலங்களின் பொது மூதாதையிலேயே செயலிழந்துவிட்டது என்று 2011இல் மெரிடித்தும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். ஒரே இடத்தில் நுழைந்த ஒரே மரபுத்துண்டு எல்லாச் சிற்றினங்களிலும் அந்த மரபணுவை உடைத்திருக்கிறது. ஜான்ஜுசீட்டஸின் உடலில் அது உடையாமல் இருந்திருக்க வேண்டும் என்பதை அதன் பல்லே சொல்கிறது.

கடைமடை:

இவ்வளவும் ஒரே ஒரு மண்டையோட்டிலிருந்து தெரிந்தவையா?

பாறைப்படிவன்:

நீண்ட காலம் இந்தப் பேரினத்தில் ஹண்டெரை என்ற ஒரே சிற்றினம்தான் இருந்தது. 2025இல் இரண்டாவது சிற்றினம் அறிவிக்கப்பட்டது: ஜான்ஜுசீட்டஸ் டல்லார்டி. 2019இல் அதே ஜான் ஜக் கரையில், டல்லார்ட் என்ற பள்ளி முதல்வர் அதைக் கண்டெடுத்தார். மண்டையோட்டின் ஒரு பகுதி, காதெலும்புகள், பற்கள் ஆகியவை கிடைத்தன. வயது சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகள். அது வளர்ந்து முடியாத இளம் விலங்கு. நீளம் இரண்டு மீட்டரைச் சுற்றி இருந்திருக்கும் என்கிறார்கள். பல்லும் உள்காதும் ஒருசேரக் கிடைத்திருப்பதுதான் இதன் சிறப்பு. கடற்கரையில் நடந்துபோகிறவர்கள் காலடியில் கிடப்பதைக் குனிந்து பார்த்து, அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொன்னதால்தான் இரண்டு சிற்றினங்களும் நமக்குக் கிடைத்தன. அந்தக் கரையில் அலை பாறையைத் தின்றுகொண்டே இருக்கிறது. அலை வெளிப்படுத்தும் எலும்பை அடுத்த அலையே எடுத்துச் செல்லவும் கூடும்.

உப்பங்கழி:

அனைவருக்கும் நன்றி. அடுத்த வகுப்பில் செய்யப்போவதை எழுதிவிடுகிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். ஓங்கில், நீலத் திமிங்கலம், ஜான்ஜுசீட்டஸ் ஆகிய மூன்றின் மண்டையோட்டுப் படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, பெயர் எழுதாமல், வாய்ப் பகுதியைத் தாளால் மறைத்துக் கொடுக்கப்போகிறேன். மேல்தாடை எலும்பை வண்ணப் பென்சிலால் தீட்டிக்கொண்டே பின்னோக்கிச் சென்று, அது கண்குழிக்கு மேலே ஏறுகிறதா, கீழே நுழைகிறதா என்று பார்த்து, மூன்றையும் இரண்டு குழுவாகப் பிரிக்கச் சொல்வேன். பிரித்து முடித்த பிறகுதான் தாளை எடுத்துப் பற்களைக் காட்டுவேன். கேள்வி கேட்ட அந்த மாணவியிடமே முதல் படத்தைக் கொடுக்கிறேன்.

நுண்ணோக்கி:

ஒரே ஒரு திருத்தம்: ஓங்கிலின் படத்தைப் பக்கவாட்டில் மட்டும் கொடுக்காமல் மேலிருந்து பார்க்கும் படமும் சேர்த்துக் கொடுங்கள். எலும்பு நெற்றியின்மீது படர்வது பக்கவாட்டுப் படத்தில் சரியாகத் தெரியாது.